ஷெரோனின் தம்பி

ஹெலினாவுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அவள் அப்பா பம்பாய்க்குப் போனார். போர்டு எழுதும் வேலை, ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவேயில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பல கம்பெனிகளின் பெயர்ப் பலகைகள் அவர் கையால் எழுதியவை. அவர் போன பிறகும் அந்த எழுத்துகள் வருடக்கணக்கில் பளிச்சென்று நின்றன. ஆவடியிலிருந்து பஸ்ஸில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஹெலினாவின் அம்மா ஜெயகுமாரி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள்.

அப்பா சி.எஸ்.ஐ. புரட்டஸ்டண்ட், அம்மா கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு வீட்டையும் எதிர்த்துச் செய்துகொண்ட கல்யாணம். அதனால் அவர் போனபோது இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தம்பி ஜாபஸுக்கு அப்போது எட்டு வயது.

ஹெலினா பள்ளிக்கூடத்தை விட்டாள். அப்பா விட்டுப்போன பிரஷ்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினாள். ஆவடியில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் சின்னப் படங்களைக் கொடுத்துப் பெரிதாக ஆயில் பெயின்டில் வரைந்து தரச் சொன்னார். முதல் படம், ரிட்டயர் ஆகிற ஒரு ஃபோர்மேனுடையது. அவருடைய மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தாளு மொறைக்கிறது கூட வந்துட்டுதே" என்று சிரித்தாளாம். அதற்குப் பிறகு ஹெலினாவுக்கு வேலை நிற்கவில்லை.

இறந்தவர்களின் படங்கள்தான் அதிகம் வந்தன. கம்பெனி ஐ.டி. கார்டிலிருந்து, ரேஷன் கார்டிலிருந்து, கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்பவரிலிருந்து முகத்தை எடுக்க வேண்டும். போட்டோவைக் கொண்டுவருகிறவர்களை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பாள். எப்படிச் சிரிப்பார், எந்தக் கண் கொஞ்சம் சின்னது, கோபம் வந்தால் உதடு என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர்கள் அழுதுகொண்டே சொல்வார்கள். அவள் குறித்துக்கொள்வாள். படத்தின் மூலையில் அவள் பெயரை எழுதியதில்லை. சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாலை போட்டு மாட்டுகிற படத்தில் வரைந்தவள் பெயர் எதற்கு என்று யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

ஜாபஸ் அந்த அறையில்தான் வளர்ந்தான். டர்பன்டைன் வாசனையில் படுத்துத் தூங்கினான். அவனுக்கும் கை வந்தது. ஓவியக் கல்லூரியில் சேர்த்தாள். ஐந்து வருடம். அதற்குப் பிறகு பாரிஸில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. உதவித்தொகை பாதிக்குத்தான் வரும், மீதிக்கு என்ன செய்வது என்று அவன் தயங்கியபோது, "நீ போ. நான் கீறேன்" என்று சொன்னாள். அந்த வருடங்களில் வாரத்துக்கு இரண்டு முகம் வரைந்தாள். பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு அவள் வேலையை விட வேண்டும் என்றிருந்தது. இன்னொருவரை அம்மா சரியாகவே உட்காரச் சொல்லவில்லை. பிறகு யாரும் வரவில்லை.

பாரிஸ் போன முதல் வருடம் ஜாபஸ் ஒரு படத் தபால் அட்டை அனுப்பினான். சற்றே திரும்பி நம்மை நேராகப் பார்க்கும் ஓர் இளம்பெண்ணின் ஓவியம். பின்பக்கம் எழுதியிருந்தான்: "அக்கா, இது நீதான்."

அட்டை வந்த அன்று மாலை போனில் கதையைச் சொன்னான். அவள் பெயர் எலிசபெத் சோஃபி ஷெரோன். முன்னூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் பாரிஸில் முகங்கள் வரைந்தவள். அவள் அப்பாவும் ஓவியர்தான், எனாமலில் சின்னச் சின்ன முகங்கள் வரைகிறவர். புரட்டஸ்டண்ட். அம்மா கத்தோலிக்கர். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். மூத்த பெண் வரைந்துதான் வீடு நடந்தது.

"நிஜமாவாடா?" என்றாள் ஹெலினா.

"நிஜமாத்தான். இருபத்து மூணு வயசுல ராஜாவோட ஓவியக் கழகத்துல சேத்துக்கிட்டாங்க. அங்க பொம்பளைங்க சேர்றது அவ்ளோ அபூர்வம். தன் முகத்தையே வரைஞ்சு எடுத்துட்டுப் போயிருக்கா. நான் அனுப்பினது அந்தப் படம்தான். ரிஜிஸ்டர்ல இன்னா எழுதினாங்க தெரியுமா? இந்த வேலை பெண்களோட சாதாரண பலத்தையும் மீறினதா இருக்குன்னு."

"பாராட்டினாங்களா, திட்டினாங்களா?"

ஜாபஸ் சிரித்தான். அவள் வீணை மாதிரி ஒரு வாத்தியம் வாசிப்பாள், கவிதை எழுதுவாள், பைபிளில் வரும் சங்கீதங்களைப் பிரெஞ்சுச் செய்யுளாக எழுதினாள் என்றெல்லாம் சொன்னான். "நம்ம கோயில்ல படிக்கிற திருப்பாடல்களா?" என்று ஹெலினா ஆச்சரியப்பட்டாள். கடைசியாக அவன் தம்பியைப் பற்றிச் சொன்னான். அவளுக்கு லூயி என்று ஒரு தம்பி. அவனும் ஓவியன். அவனை இத்தாலிக்கு அனுப்பிப் படிக்கவைத்தது அவள்தான், அவள் வரைந்து சம்பாதித்ததில். "இத்தாலிலேர்ந்து அவன் அக்காவுக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கான், அக்கா. 'இங்கே நான் இழுக்கிற ஒவ்வொரு கோட்டிலும் முதல் பாதி உன்னுடையது'ன்னு."

ஹெலினா போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லூயியின் வரியை ஒரு நோட்டில் எழுதிவைத்தாள்.

பிறகு கையில் ஸ்மார்ட் போன் வந்தபோது அவள் தேடிய முதல் பெயர் ஷெரோன்தான். பிரெஞ்சுப் பக்கங்களைத் தமிழில் மாற்றிக் காட்டும்; பாதி புரியாது. புரிந்ததை நோட்டில் எழுதினாள். ஷெரோனின் வரைபடங்கள், அவள் செதுக்கிய செம்புத் தகடுகள், அறுபதை நெருங்கும்போது செய்துகொண்டதாகச் சிலர் சொல்லும் கல்யாணம் எல்லாம் அந்த நோட்டில் ஏறின. கோயிலில் மாதர் சபைக் கூட்டத்தில் ஒருமுறை அரை மணி நேரம் ஷெரோனைப் பற்றிப் பேசினாள். படம் வரையச் சொல்லி வருகிறவர்களிடமும் சொல்வாள். லூயியின் கடிதத்தை மட்டும் எந்தப் பக்கத்திலும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெரிய புத்தகங்களில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜாபஸ் அங்கேயே தங்கிவிட்டான். அவன் செய்வதெல்லாம் என்னவென்று ஹெலினாவுக்கு முழுதாக விளங்கியதில்லை. ஒரு வருடம் பழைய செருப்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தான். இன்னொரு வருடம் ஒரு சுவர் முழுக்க மணல். பத்திரிகைகளில் அவன் படம் வந்தது. அவள் வெட்டி வைத்தாள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போவான்.

ஒரு பொங்கலுக்கு வந்தவன் மூன்று வாரம் தங்கினான். இரண்டாம் நாள் காலை காபி குடித்துக்கொண்டே, "அக்கா, நீ வரைஞ்சதெல்லாம் இப்ப எங்கெங்க இருக்கும்?" என்று கேட்டான்.

"எங்கன்னு சொல்றது? அவங்கவங்க ஊட்ல."

"எனக்குப் பாக்கணும். எல்லாத்தையும்."

இருபத்தெட்டு வருடத்தில் அவள் படங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஹெலினா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

அவளுடைய ஸ்கூட்டரில் அவன் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். அம்பத்தூர், மண்ணூர்பேட்டை, பூந்தமல்லி, மாங்காடு. சில வீடுகளை இடித்து அபார்ட்மென்ட் கட்டியிருந்தார்கள். சிலர் இடம் மாறியிருந்தார்கள். ஆனால் பல வீடுகளில் படம் அதே சுவரில் இருந்தது. ஜாபஸ் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, கிட்டே போய், தள்ளி வந்து பார்த்தான். "மூக்கு ஓரத்துல அந்தப் பச்சை எப்டி அக்கா போட்ட?" என்று கேட்டான். அவள் வெட்கத்தோடு விளக்கினாள். அந்த மூன்று வாரத்தில் அவளுக்கு வயது குறைந்துவிட்டதாக ஜெயகுமாரி அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

பார்த்ததில் பதினொரு படங்களைக் கண்காட்சிக்கு வேண்டும் என்றான். ஒரு வருடத்தில் திருப்பித் தந்துவிடலாம். வீட்டுக்காரர்களிடம் கேட்டு வாங்கியது ஹெலினாதான். அவன் கேட்டிருந்தால் ஒருவரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மண்ணூர்பேட்டை தாயம்மா முதலில் தலையாட்டவேயில்லை. அவள் கணவர் நாகேந்திரன் லேத் பட்டறையில் வேலை செய்தவர். நெஞ்சு வலியில் போய் இருபத்தோரு வருடம் ஆகிறது. ஐ.டி. கார்டைப் பார்த்து ஹெலினா வரைந்த படம் அது. வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது கார்டு, கல்யாண ஆல்பம் எல்லாம் போயின. உயரத்தில் மாட்டியிருந்ததால் படம் மட்டும் தப்பியது.

"இது ஒண்ணுதான் கண்ணு கீது அவரு மூஞ்சி. வேற ஒண்ணும் இல்ல" என்றாள் தாயம்மா.

"யக்கா, என் தம்பி. எம் மேல நம்பிக்கை இல்லியா? நானே கொண்டாந்து மாட்டறேன்."

தாயம்மா ஜாபஸை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உன் மூஞ்சிக்காவத் தரேன்" என்று ஹெலினாவிடம் சொன்னாள். ஹெலினா ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினாள்.

அடுத்த ஜனவரியில் அழைப்பிதழ் வந்தது. நகரத்துக்குள் ஒரு பழைய பங்களாவைக் கேலரியாக மாற்றியிருந்தார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி. ஹெலினா பட்டுப் புடவை கட்டினாள். முழங்கால் வலியென்று அம்மா வரவில்லை. பதினொரு வீட்டுக்கும் ஹெலினா போன் செய்திருந்தாள். வந்தது தாயம்மா மட்டும்தான். அம்பத்தூர் ஸ்டேஷனில், தலையில் கனகாம்பரத்தோடு பெண்கள் பெட்டியில் ஏறினாள். "எல்லாரும் அவரப் பாப்பாங்க இல்ல?" என்று வழியில் இரண்டு முறை கேட்டாள்.

கேலரியில் குளிர்சாதனம் சில்லென்று இருந்தது. வெள்ளைச் சுவர், மேலிருந்து விளக்கு. பதினொரு படமும் ஒரே உயரத்தில் வரிசையாகத் தொங்கின. சட்டைகள் அவள் வரைந்தவை. புடவைக் கரை, கழுத்துச் சங்கிலி, நாற்காலியின் கைப்பிடி எல்லாம் அவள் வரைந்தவை. முகம் இருந்த இடத்தில் மட்டும் தட்டையாக, தடிமனாக, முட்டை வடிவத்தில் சாம்பல் பெயின்ட் பூசியிருந்தது. பதினொன்றிலும்.

ஹெலினாவுக்கு முதலில் ஏதோ துணி ஒட்டி மறைத்திருக்கிறார்கள், திறந்துவைக்கும்போது எடுப்பார்கள் என்றுதான் தோன்றியது. கிட்டே போனாள். பெயின்ட்தான்.

நுழைவாயில் பக்கத்துச் சுவரில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். சென்னையின் மேற்குத் தொழிற்பேட்டைப் பகுதிகளில் பெயர் தெரியாத தெருவோர ஓவியர்கள் வரைந்த படங்கள் இவை. சேகரித்து, குறுக்கிட்டு, அவற்றைத் தன் படைப்பாக மாற்றியிருப்பவர் ஜாபஸ்.

தாயம்மா வரிசையாக நடந்து ஏழாவது படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். காக்கிச் சட்டை. பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு மூடி.

"எம்மா ஹெலினா" என்று கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. "இது என் ஊட்டுக்காரரு சட்ட. அவரு எங்க?"

ஹெலினா ஜாபஸைத் தேடித் திரும்பினாள்.

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நாலைந்து பேர் நடுவில் நின்ற ஜாபஸ் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தான். அக்காவின் தோளைத் தொட்டான். அவள் விலகினாள்.

"மூஞ்சிய இன்னாடா பண்ண?"

"அக்கா, மெதுவா. நான் சொல்றேன். இந்த ஊர் இவங்கள எப்பவாவது மூஞ்சியோட பாத்திருக்கா? தொழிலாளின்னா ஒரு சட்டை, ஒரு நம்பர். அதத்தான் காட்டறேன். மூஞ்சி இருந்தா இது யாரோ ஒருத்தரோட அப்பா படம். யாரு நின்னு பாப்பாங்க?"

"நான் பாப்பேன்" என்றாள் தாயம்மா.

ஜாபஸ் அவள் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "அம்மா, உங்களுக்கு என்ன வேணுமோ செஞ்சிடலாம்."

"பேர் தெரியாதவங்கன்னு போட்டிருக்கியே" என்றாள் ஹெலினா. "என் பேரு உனக்குத் தெரியாதா?"

"நீ எதுலயும் கையெழுத்துப் போடல, அக்கா. அப்ப அது பொய் இல்லையே. உன் பேரைப் போட்டா என்ன ஆவும்? அக்காவுக்குத் தம்பி கண்காட்சி வெச்சான்னு ஆயிடும். குடும்பக் கதை. எல்லாம் கெட்டுப்போயிடும்."

அவன் அதை நயமாகத்தான் சொன்னான். ஹெலினா அவன் முகத்தைப் பார்த்தாள். ஆயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய கண். இதில் பொய் சொல்கிறவனின் தடுமாற்றம் ஒன்றும் இல்லை. அவன் சொல்வதை அவன் நம்பினான்.

அவள் ஏழாவது படத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கழற்றினாள். கேலரியைப் பார்த்துக்கொள்ளும் வர்ஷா என்ற பெண் ஓடி வந்தாள். "மேடம், ப்ளீஸ், தொடக் கூடாது. பதினொண்ணும் சேர்த்து ஒருத்தர் வாங்கியாச்சு." ஹெலினா காதில் வாங்காமல் நடந்தாள். சுற்றி நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து இரண்டு பேர் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். ஒரு பெரியவர் ஜாபஸிடம், "அருமை" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஜாபஸ் தடுக்கவில்லை.

திரும்பும் ரயிலில் தாயம்மா தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்பத்தூரில் இறங்கும்போது, "எங்கையில குடுக்காத. இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டது: "அவன் படத்தத் தூக்கிக்கினு வந்துட்டியாமே?"

ஜாபஸ் அதற்குள் போன் செய்திருந்தான்.

"அவன் படமா?" என்றாள் ஹெலினா.

"எதுவா இருந்தா இன்னாடி. நாலு பெரிய மனுசங்க வந்த எடத்துல மானத்த வாங்கிட்டியே. வெளிநாட்ல நல்ல பேர் எடுத்து வெச்சிகிறான். அத நீயே கெடுப்பியா?" ஜெயகுமாரி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னொண்ணு வரைஞ்சி குடுத்தாப் போச்சி. ஒனக்கு அது ஒரு வேலையா?"

மறுநாள் ஞாயிறு. ஹெலினா பூசைக்குப் போகவில்லை. படத்தை மேசையில் படுக்கவைத்து, பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, நெற்றிப் பக்கத்தில் ஒரு ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். சாம்பல் பெயின்ட் புதிது. அடியில் இருக்கும் தன் பெயின்ட் இருபது வருடம் காய்ந்து இறுகியது. மேலே இருப்பது மட்டும் கரைந்து வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். சாம்பல் வந்தது. அடியில் முகம் இல்லை, வெறும் கான்வாஸ் துணிதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் துடைத்தாள். கண் இருந்த இடம், மூக்கு இருந்த இடம், எல்லாம் துணி. புதுப் பெயின்ட் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று அவன் முகத்தை உப்புத்தாள் போட்டு முழுதாகத் தேய்த்து எடுத்துவிட்டுப் பூசியிருந்தான். அந்தச் சுத்தமான வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான்.

மத்தியானம் ஜாபஸ் வந்தான். அம்மா அவனுக்கு மீன் குழம்பு போட்டாள். சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா, வாங்கினவருக்குப் பதினொண்ணும் போகணும். தந்துடு."

"உப்புத்தாள் போட்டியா?"

அவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினான்.

"பெயின்ட் மட்டும் பூசியிருந்தா எடுத்திருப்பேன். நான் எடுத்துருவேன்னு தெரிஞ்சேதான் தேச்சியா?"

"இல்ல அக்கா. அப்படியெல்லாம் யோசிக்கல."

ஹெலினா நோட்டை எடுத்துப் பிரித்தாள். "லூயி இப்பிடிப் பண்ணானாடா? அவ வரைஞ்ச மூஞ்சிய அழிச்சானா? இழுக்கிற கோட்ல முதல் பாதி உன்னுதுன்னு எழுதினானே, அவன்?"

ஜாபஸ் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "அந்த லெட்டர் இல்ல அக்கா" என்றான்.

"இல்லன்னா?"

"அது நான் சொன்னது. அவனை அவ இத்தாலி அனுப்பினது உண்மை. லெட்டரு... நீ அப்ப ரொம்பக் கஷ்டப்பட்டுக்கிட்டிருந்த. உனக்கு நல்லா இருக்கட்டும்னு சொன்னேன்."

"அப்ப லூயி இன்னாதான் ஆனான்?"

"இங்கிலாந்து போயிட்டான். லண்டன்ல செத்தான். அக்காவுக்கு என்ன எழுதினான், எழுதினானான்னு எனக்குத் தெரியாது."

பன்னிரண்டு வருடம். கூட்டத்தில் அந்த வரியை வாசித்தபோது இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டது அவள் நினைவுக்கு வந்தது. தான் எத்தனை முறை, விரல் மரத்துப்போன சாயங்காலங்களில், அதை எடுத்துப் படித்தோம் என்பதும். அவன் தன்னிடம் பணம் கேட்க வேண்டியிருந்த மாதம் அது என்பதும் இப்போதுதான் உறைத்தது. கேட்காமலே அனுப்பினாள்.

ஜாபஸ் எழுந்து மேசைக்கு வந்தான். காக்கிச் சட்டைக்கு மேலே, சாம்பல் கறை படிந்த ஓரத்துக்கு நடுவே, வெளிறித் தெரிந்த துணியைக் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண்ணில், ஸ்கூட்டரில் சுற்றிய நாட்களில் அவள் பார்த்துப் பூரித்த அதே கவனம் வந்தது.

"இது இன்னும் நல்லா இருக்கு, அக்கா" என்றான். "இதுல எதுவும் பண்ணாத. இப்படியே குடு."

"எழுந்து போடா" என்றாள் ஹெலினா.

"அக்கா, நான் சொல்றத..."

"போடான்னேன்."

செவ்வாய்க்கிழமை அவன் விமானம் ஏறினான். அம்மா மட்டும் டாக்சியில் கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். மற்ற பத்துப் படங்களும் வாங்கியவரிடம் போயின. அந்த வீடுகளுக்கு ஹெலினா ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னாள். மாங்காட்டில் ஒரு மகன் வாசலில் நிற்கவைத்தே திட்டினான். பூந்தமல்லியில் ஒரு பெண் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வீட்டில், "பரவால்ல மேடம், நாங்க டிஜிட்டல்ல வேற போட்டு மாட்டிட்டோம்" என்றார்கள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. முடிந்தவர்களுக்குப் போட்டோவை வாங்கி மறுபடி வரைந்து தந்தாள். படத்தின் மூலையில் சின்னதாகத் தன் பெயரை எழுதினாள். ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா படத்துல உங்க பேர் எதுக்குங்க? எடுத்துடுங்க" என்றார். எடுத்தாள்.

நாகேந்திரனுக்குப் போட்டோவே இல்லை. பட்டறையில் கேட்டாள், அந்த முதலாளி போய், இடம் கைமாறி, பழைய காகிதம் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் தாயம்மாவையே தேடிப் போனாள். நான்கு மாதம், ஞாயிறுதோறும் மத்தியானம் தாயம்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள். கோபத்தோடு வந்தவள் சொல்லச் சொல்லக் கொஞ்சம் இளகினாள். நெற்றி அகலம். இடது புருவத்தில் லேத்தில் தெறித்த இரும்புத்தூள் பட்ட தழும்பு. மேல்வரிசையில் ஒரு பல் மேலே ஏறியிருக்கும், அதனால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். ஹெலினா தான் முதலில் வரைந்ததை நினைவுபடுத்திப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ முகங்கள் வந்து அதன் மேல் படிந்திருந்தன. அதே காக்கிச் சட்டைக்கு மேலே அழித்து அழித்து வரைந்தாள். மூன்று முறை துணிவரைக்கும் போய்த் திரும்ப ஆரம்பித்தாள். ஜெயகுமாரி கதவோரம் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

மே மாதக் கடைசியில் படம் முடிந்தது. எண்ணெய் காய்ந்ததும் பழைய போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மண்ணூர்பேட்டைக்குக் கொண்டுபோனாள்.

தாயம்மா கட்டிலில் படத்தைச் சாய்த்து வைக்கச் சொன்னாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். கிட்டே வந்து பார்த்தாள். பின்னால் போய், கதவைத் திறந்து வெளிச்சம் விட்டுப் பார்த்தாள். வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. அது நின்றதும் கட்டிலுக்குத் திரும்பி வந்தாள்.

"தழும்பு சரியாக் கீது" என்றாள்.

குனிந்து உதட்டுப் பக்கம் பார்த்தாள்.

"சிரிப்பும் நான் சொன்ன மாதிரிதான் கீது. நல்லாத்தாம்மா வரைஞ்சிகிற. யாரும் கொற சொல்ல முடியாது." தாயம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "ஆனா அவரு இல்ல இது."

"எங்க மாத்தணும்னு சொல்லுக்கா. மாத்திடறேன்."

"எங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கே இப்ப சரியா நெனப்பு வர மாட்டேங்குது. நாலு மாசமாச் சொல்லிச் சொல்லி, இப்ப கண்ண மூடினா நீ வரைஞ்ச ஆளுதான் வரான்."

அவள் அழவில்லை. ஹெலினாவும் அழவில்லை. தெருவில் யாரோ தண்ணீர் லாரி வந்துவிட்டதென்று கத்தினார்கள். தாயம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"மாட்டிட்டுப் போ. செவுரு வெறிச்சினு கீது."